இறக்கையா, காலா? கருவில் உறுப்புகள் தீர்மானமாகும் விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விலங்கியல் பாடம் எடுப்பவள் நான். ஒவ்வொரு வருடமும் கருவியல் பகுதிக்கு வந்ததும் கேள்விகள் குவியும். வகுப்பில் பிள்ளைகள் கேட்பவை, வீட்டில் பெரியவர்கள் கேட்டு அனுப்புபவை, புறா வளர்க்கும் பக்கத்து வீட்டுத் தம்பி வந்து கேட்டது என்று எல்லாவற்றுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் கோழிக் கருவை வைத்துத்தான் விளக்குகிறேன். முட்டை ஓட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணெதிரே நடக்கிறது.

உடம்பின் எல்லா செல்லிலும் ஒரே மரபணுக்கள்தான் என்கிறார்கள். அப்புறம் எப்படி ஒன்று கண்ணாகிறது, ஒன்று காலாகிறது?

சில விதிவிலக்குகளைத் தள்ளிவிட்டால் அது உண்மைதான். மனிதரிடம் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. இன்சுலின் மரபணு கணையத்திலும் இருக்கிறது, கண்ணிலும் இருக்கிறது. கணையத்தில் அது திறந்திருக்கிறது, கண்ணில் மூடிக் கிடக்கிறது. எதைத் திறப்பது, எதை மூடுவது என்பதைச் சில புரதங்கள் பார்த்துக்கொள்கின்றன. அவை டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் போய் உட்கார்ந்து மரபணுக்களை இயக்கும். இந்த இயக்கிப் புரதங்களில் எவையெல்லாம் தன்னிடம் இருக்கின்றன என்பதுதான் ஒரு செல்லின் அடையாளம்.

அந்தப் புரதங்கள் எந்தச் செல்லுக்கு வர வேண்டும் என்று யார் சொல்வது?

பக்கத்துச் செல்கள்தான். ஒரு செல் ஒரு புரதத்தை வெளியே விடுகிறது. அது நகர்ந்துபோய் இன்னொரு செல்லின் மேற்பரப்பில் செய்தியைப் பிடிப்பதற்கென்றே உள்ள புரதமான ஏற்பியில் ஒட்டிக்கொள்கிறது. ஏற்பி அசைந்ததும் செல்லுக்குள்ளே செய்தி ஒரு புரதத்திலிருந்து இன்னொரு புரதத்துக்குக் கைமாறி, கடைசியில் உட்கருவுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே சில மரபணுக்கள் திறக்கின்றன, சில மூடுகின்றன.

இந்தச் செய்திகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று முதன்முதலில் படிக்கும்போது நினைத்தேன். எண்ணிப் பார்த்தால் முக்கியமான குடும்பங்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடுகின்றன: எஃப்.ஜி.எஃப், விண்ட், ஹெட்ஜ்ஹாக், பி.எம்.பி, நாட்ச். மூளை, நுரையீரல், பல், விரல் எல்லாவற்றையும் கட்டுவதற்கு இதே சில சொற்கள்தான் திரும்பத் திரும்பப் பயன்படுகின்றன.

அப்படியென்றால் குழப்பம் வராதா? பள்ளிக்கூடத்தில் நாலு மணிக்கு பெல் அடிக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஸ்பெஷல் கிளாஸுக்கு நோட்டை எடுக்கிறது. சத்தம் ஒன்றுதான், ஆனால் கேட்பவர் எந்த வகுப்பு என்பதைப் பொறுத்து நடப்பது மாறுகிறது. செல்லும் அப்படித்தான். செய்தி வரும் நேரத்தில் அதனிடம் எந்த இயக்கிப் புரதங்கள் இருக்கின்றனவோ, அவற்றை வைத்தே அந்தச் செய்திக்குப் பொருள் கொள்கிறது. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தில் போய்த்தான் நிற்கும்.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியும். கோழி முட்டை பொரிய 21 நாள். மூன்றாம் நாள் முட்டையைப் படுக்கைவசமாக வைத்து, சிரிஞ்சால் இரண்டு மூன்று மில்லி வெள்ளைக்கருவை உறிஞ்சி எடுத்துவிட்டால் கரு ஓட்டிலிருந்து சற்றுக் கீழே இறங்கிவிடும். அப்புறம் மேல் ஓட்டைச் சின்னக் கத்தரியால் வட்டமாக வெட்டலாம்.

அந்த ஜன்னல் வழியாக நான் முதலில் பார்த்தது மஞ்சள் கரு மேல் விரிந்த சிவப்பு ரத்தக்குழாய் வலை. அதன் நடுவே ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. இரண்டாம் நாளிலேயே துடிக்கத் தொடங்கிய இதயம் அது. உடம்பு இன்னும் கண்ணாடி மாதிரிதான் இருக்கிறது. நுண்ணோக்கியைக் கொஞ்சம் நகர்த்தினால் விலாவின் முன்பக்கம் ஒரு லேசான புடைப்பு, பின்பக்கம் இன்னொன்று. முன்னால் இருப்பது இறக்கை மொட்டு, பின்னால் இருப்பது கால் மொட்டு. நான்காம் நாள் இரண்டும் நன்றாகவே தெரியும், ஆனால் தனித்தனியாகக் காட்டினால் எது எது என்று சொல்வது கஷ்டம். ஜன்னலை டேப் போட்டு மூடி இன்குபேட்டரில் திரும்ப வைத்தால் கரு தொடர்ந்து வளரும். அதனால்தான் இத்தனை வருடமாக இந்தத் துறைக்குக் கோழி இவ்வளவு கைகொடுத்திருக்கிறது.

விலாவில் குறிப்பிட்ட இடத்தில் மட்டும் ஏன் மொட்டு வருகிறது?

தலையிலிருந்து வால் வரை உடம்பை வட்டாரங்களாகப் பிரித்து முகவரி கொடுப்பவை ஹாக்ஸ் மரபணுக்கள். சரியான முகவரியில் இருக்கும் உள் செல்கள் எஃப்.ஜி.எஃப்.10 என்ற செய்தியை விடுகின்றன. மேலே இருக்கும் தோல் செல்கள் அதைக் கேட்டுத் தடித்து, மொட்டின் நுனியில் ஒரு வரப்பு மாதிரி எழுந்து நின்று, எஃப்.ஜி.எஃப்.8 என்று பதில் அனுப்புகின்றன. இந்தப் பேச்சு நடக்கும் வரை மொட்டு நீளும். 1948-இல் ஜான் சாண்டர்ஸ் என்ற அமெரிக்கக் கருவியலாளர் அந்த வரப்பை வெட்டி எடுத்துப் பார்த்தார். இறக்கை நுனி இல்லாமல் பாதியில் நின்றுவிட்டது. எவ்வளவு சீக்கிரம் வெட்டினாரோ அவ்வளவு குட்டையாக நின்றது.

எஃப்.ஜி.எஃப்.10 இல்லாத எலிக்குட்டிகளுக்குக் கை கால்கள் வளரவில்லை. அவற்றுக்கு நுரையீரலும் வளரவில்லை. விலாவில் கேட்டால் கை என்றும், தொண்டைக்குக் கீழே கேட்டால் நுரையீரல் என்றும் அதே சொல்லுக்குப் பொருள் மாறுகிறது.

சரி, இறக்கையா காலா என்பதை யார் முடிவு செய்வது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1995-இல் ஒரு சோதனை செய்தார்கள். உப்புத்தூள் அளவு மணி ஒன்றை எஃப்.ஜி.எஃப். புரதத்தில் ஊறவைத்து, இறக்கைக்கும் காலுக்கும் நடுவே வெறும் விலாவாக இருக்கும் இடத்தில் செருகினார்கள். அங்கே புதிதாக ஓர் உறுப்பே முளைத்தது! மணி இறக்கைப் பக்கம் இருந்தால் கூடுதல் இறக்கை, கால் பக்கம் இருந்தால் கூடுதல் கால். 1998-இல் நட்டநடுவில் மணியை வைத்துப் பார்த்தபோது பாதி இறக்கையும் பாதி காலுமாக ஒன்று வந்தது. செருகியது ஒரே மணி, ஒரே புரதம். "வளர்" என்று மட்டும்தான் அது சொல்கிறது. எதுவாக வளர்வது என்பது கேட்கும் செல்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அந்த இரட்டை உறுப்பில் இறக்கையாக இருந்த பாதியில் டி.பி.எக்ஸ்.5 என்ற இயக்கிப் புரதமும், காலாக இருந்த பாதியில் டி.பி.எக்ஸ்.4-உம் இருந்தன. கால் மொட்டில் பிட்எக்ஸ்.1 என்று இன்னொன்றும் உண்டு. 1999-இல் பிட்எக்ஸ்.1-ஐக் கோழியின் இறக்கை மொட்டில் வலிந்து இயக்கியபோது இறக்கை காலின் சாயலுக்கு மாறியது. அந்த வருடம் டி.பி.எக்ஸ். ஜோடிதான் முழு முடிவையும் எடுக்கிறது என்று பலரும் நம்பினார்கள். பின்னால் எலியில் டி.பி.எக்ஸ்.5-ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் டி.பி.எக்ஸ்.4-ஐ வைத்தபோது வளர்ந்தது கால் இல்லை, கையேதான். இன்றைக்குப் பார்த்தால் காலுக்கான அடையாளத்தில் பிட்எக்ஸ்.1-இன் பங்கு அழுத்தமாகத் தெரிகிறது. டி.பி.எக்ஸ். இரண்டும் மொட்டு எழுவதற்கு இன்றியமையாதவை. ஒரு மரபணு, ஒரு உறுப்பு என்று நேர்க்கோடு போட்டால் பெரும்பாலும் தப்பாகிவிடும்.

இதைவிடப் பழைய சோதனை ஒன்று உண்டு. 1950-களில் அதே சாண்டர்ஸும் உடன் வேலை செய்தவர்களும், கால் மொட்டில் தொடையாக வேண்டிய ஒரு துண்டை எடுத்து இறக்கை மொட்டின் நுனியில், அந்த வரப்புக்கு அடியில் வைத்தார்கள். அங்கே என்ன வளர்ந்திருக்கும்? தொடையும் வரவில்லை, இறக்கை நுனியும் வரவில்லை. நகத்தோடு கால் விரல் வந்தது! "நீ நுனியில் இருக்கிறாய்" என்று இறக்கை சொன்னதை அந்தச் செல்கள் கேட்டுக்கொண்டன. ஆனால் தாங்கள் கால் என்பதை மறக்கவில்லை. அப்போது மரபணுக்களைப் படித்துப் பார்க்க வழியே கிடையாது. வெறும் கத்தியும் பொறுமையும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்ததை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

எங்கள் வீட்டுப் புறாவுக்குக் கால் விரல் வரை இறகு இருக்கிறது. அது ஏன்?

பக்கத்து வீட்டுத் தம்பியின் கேள்வி இது. புறாவைக் கையோடு கொண்டுவந்து காட்டினான். சாதாரணப் புறாவுக்குப் பாதத்தில் சிவப்புச் செதில்தான் இருக்கும். இதற்குப் பாதத்தின் வெளிப்பக்கம் நீளமான இறகுகள், அதுவும் மெத்தென்ற உடம்பு இறகு மாதிரி இல்லாமல் நடுத்தண்டு தடித்து, இறக்கைச் சிறகு போலவே விறைத்து நிற்கின்றன.

பார்வைக்கு மட்டும் அப்படி இல்லை. 2016-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகக் குழு இந்த வகைப் புறாக்களின் கருவைப் பார்த்தது. கால் மொட்டில் பிட்எக்ஸ்.1 குறைந்திருந்தது. இறக்கையில் மட்டும் இருக்க வேண்டிய டி.பி.எக்ஸ்.5 காலிலும் வந்திருந்தது. புரதங்களில் பழுது ஏதும் இல்லை, அவற்றை எங்கே எவ்வளவு இயக்குவது என்று சொல்லும் டி.என்.ஏ. சுவிட்சுகளில்தான் மாற்றம். ஆக, அந்தப் புறாவின் கால் கொஞ்சம் இறக்கையாகியிருக்கிறது. பாதத்தில் இறகு உள்ள கோழிகளிலும் டி.பி.எக்ஸ்.5 காலில் தென்பட்டது.

இதற்கு நேர் எதிராக மனிதரிலும் ஒன்று உண்டு. லீபன்பெர்க் நோய்க்குறி என்ற அரிய நிலையில், பிட்எக்ஸ்.1-க்கு அருகில் டி.என்.ஏ. இடம் மாறியதால் அது கையில் இயங்கிவிடுகிறது. முழங்கையும் மணிக்கட்டும் முழங்கால், கணுக்காலின் சாயலைப் பெறுகின்றன.

கட்டைவிரல் ஒரு பக்கம், சுண்டுவிரல் மறுபக்கம் என்று வரிசை எப்படி வருகிறது? ஆறாவது விரல் ஏன்?

மொட்டின் சுண்டுவிரல் பக்கத்து விளிம்பில் ஒரு சின்னத் திட்டு இருக்கிறது. 1968-இல் சாண்டர்ஸும் மேரி காசெலிங்கும் அதை வெட்டி எதிர்ப்பக்கம் ஒட்டினார்கள். இறக்கையின் மூன்று விரல்கள், கண்ணாடியில் பார்த்த மாதிரி இரட்டித்து ஆறாயின. அந்தத் திட்டு விடும் செய்தி என்ன என்பது 1993-இல்தான் தெரிந்தது: சோனிக் ஹெட்ஜ்ஹாக். ஈயில் முதலில் கிடைத்த ஹெட்ஜ்ஹாக் மரபணுவின் உறவு இது. 'சோனிக்' என்பது வீடியோ கேம் பாத்திரத்தின் பெயரிலிருந்து வந்தது. இந்தச் செய்தி அதிகமாகவும் நீண்ட நேரமும் கிடைத்த செல்கள் சுண்டுவிரல் பக்கத்து விரல்களாகின்றன. கட்டைவிரல் இது இல்லாமலே உருவாகிவிடும்.

எலிக்கருவிலிருந்து அந்தத் திட்டை எடுத்துக் கோழி இறக்கையில் ஒட்டினாலும் விரல்கள் இரட்டிக்கும். வருவது எலி விரல் இல்லை, கோழி விரல்தான். செய்தியை எலி சொன்னாலும் கோழிச் செல் கோழியாகத்தான் புரிந்துகொள்கிறது.

கைகால்களில் இந்த மரபணுவை இயக்கும் சுவிட்ச், மரபணுவிலிருந்து ஏறக்குறைய 10 லட்சம் டி.என்.ஏ. எழுத்துகள் தள்ளி இருக்கிறது. அதில் ஓர் எழுத்து மாறினால் கட்டைவிரல் பக்கத்திலும் செய்தி கசிந்து, அங்கே கூடுதல் விரல் முளைக்கலாம். சில குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக இப்படி வருகிறது. சில்கி கோழிக்குக் காலில் நான்குக்குப் பதில் ஐந்து விரல் இருப்பதும் இதே சுவிட்சால்தான். சுண்டுவிரல் பக்கம் வரும் ஆறாம் விரலுக்கு வேறு மரபணுக்களும் காரணமாகலாம். அதிர்ஷ்டத்துக்கோ தோஷத்துக்கோ இதில் வேலையில்லை.

பாம்புக்குக் கால் போனதும் இதனால்தானா?

பெரும் பங்கு இதற்கு உண்டு. பாம்புகளில் அந்தச் சுவிட்ச் சிதைந்துவிட்டது. 2016-இல் எலியின் சுவிட்சை எடுத்துவிட்டு நாகத்தின் சுவிட்சையும் மலைப்பாம்பின் சுவிட்சையும் வைத்துப் பார்த்தார்கள். குட்டிகளுக்குக் கை கால் வெறும் குருத்தாக நின்றுவிட்டது. மலைப்பாம்புச் சுவிட்சில் தொலைந்துபோயிருந்த 17 எழுத்துகளைத் திரும்பச் சேர்த்ததும் கால்கள் வந்துவிட்டன.

வாத்துக்கு மட்டும் விரலிடையில் சவ்வு இருப்பது?

கோழி, வாத்து, எலி என்று இந்தக் கருக்களில் எல்லாம் முதலில் விரல்களுக்கிடையே சவ்வு உண்டு, நமக்கும்தான். பி.எம்.பி. என்ற செய்தியைக் கேட்டு அந்த இடத்துச் செல்கள் இறந்துவிடுகின்றன. வாத்தின் சவ்வில் கிரெம்லின் என்ற புரதம் அந்தச் செய்தியை மறித்துவிடுகிறது. கோழிக்கருவின் காலில் கிரெம்லின் மணியை வைத்தபோது அதற்கும் சவ்வு மிஞ்சியது.

ஒரே ஒரு மரபணுவால் கண்ணையே உண்டாக்க முடியும் என்று படித்தேன். உண்மையா?

1995-இல் சுவிட்சர்லாந்தின் பாசலில் வால்டர் கெரிங் குழு செய்தது அது. கண் மரபணுவைப் பழ ஈயின் காலிலும் இறக்கையிலும் உணர்கொம்பிலும் இயக்கினார்கள். அங்கெல்லாம் சிவப்புக் கூட்டுக்கண்கள் முளைத்தன. எலியின் பேக்ஸ்.6 மரபணுவை வைத்தும் செய்தார்கள். அப்போதும் வந்தது ஈயின் கண்தான். மனிதரில் பேக்ஸ்.6-இன் ஒரு பிரதி பழுதானால் கருவிழிப்படலம் சரியாக வளராது.

ஆனால் அந்த மரபணு தனியாளாகக் கண்ணைக் கட்டுவதில்லை. அது மற்ற நூற்றுக்கணக்கான மரபணுக்களை எழுப்பிவிடுகிறது, அவை செய்யும் வேலைதான் கண். அதுவும் ஈயின் உடம்பில் எல்லா இடத்திலும் எடுபடவில்லை.

குழந்தையின் கட்டைவிரலில் குறை இருந்ததும் டாக்டர் இதயத்துக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். என்ன சம்பந்தம்?

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். மேலே பார்த்த டி.பி.எக்ஸ்.5 கை மொட்டில் மட்டும் இல்லை, வளரும் இதயத்திலும் வேலை செய்கிறது. அதில் பழுது இருந்தால் கட்டைவிரல் குறையும் இதய அறைச்சுவரில் ஓட்டையும் சேர்ந்து வரலாம். இதற்கு ஹோல்ட்-ஓரம் நோய்க்குறி என்று பெயர். 1960-இல் விவரிக்கப்பட்டது, மரபணு 1997-இல் தெரிந்தது. கட்டைவிரல் குறைக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இதயத்தைப் பார்த்துவிடுவது நல்லது. தள்ளிப்போடாதீர்கள்.

கர்ப்பத்தில் எந்த நாட்களில் கவனமாக இருக்க வேண்டும்?

எல்லா நாளும்தான். ஆனால் உறுப்புகளின் அடித்தளம் கருத்தரித்த நாளிலிருந்து கணக்கிட்டால் மூன்றாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள் போடப்படுகிறது. 22-ஆம் நாள் வாக்கில் இதயம் துடிக்கிறது, நான்காம் வாரத்தில் கை மொட்டும் கால் மொட்டும் வருகின்றன. பல பெண்களுக்கு அப்போது கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது.

இதன் கொடுமையான சாட்சி தாலிடோமைடு. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, 1961-இல் திரும்பப் பெறப்பட்ட மாத்திரை. குமட்டலுக்கும் தூக்கத்துக்கும் கர்ப்பிணிகள் சாப்பிட்டார்கள். உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்தார்கள். கருத்தரித்த சுமார் 20-ஆம் நாளிலிருந்து 36-ஆம் நாளுக்குள் சாப்பிட்டதுதான் பாதித்தது. காரணம் தெளிவாக அரை நூற்றாண்டு ஆனது. செல்லுக்குள் செரிப்ளான் என்ற புரதத்தில் மருந்து ஒட்டிக்கொள்கிறது என்று 2010-இல் தெரிந்தது. அதனால் கை கால் வளர்ச்சிக்கு வேண்டிய எஸ்.ஏ.எல்.எல்.4 என்ற இயக்கிப் புரதம் அழிக்கப்படுகிறது என்று 2018-இல் தெரிந்தது.

எனவே கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே எல்லா மருந்துகளையும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம். ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம் கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும் என்பதும் இதனால்தான். மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழாய் 28-ஆம் நாளுக்குள் மூடிவிடுகிறது.

கிரகணத்தைப் பார்த்ததால்தான் குழந்தைக்கு உதடு பிளந்தது என்று வீட்டில் சொல்கிறார்கள்.

இல்லவே இல்லை. முகம் பல மடல்களாகத் தொடங்கி, நடுவில் வந்து ஒட்டுகிறது. மேலுதடு ஆறு ஏழு வாரத்துக்குள் சேர்ந்துவிடும். அந்த நேரத்தில் மடல்கள் போதுமான அளவு வளராவிட்டால் இடைவெளி நின்றுவிடுகிறது. ஐ.ஆர்.எஃப்.6 போன்ற மரபணுக்கள், புகைபிடித்தல், கட்டுப்படாத சர்க்கரை, வலிப்பு மருந்துகளில் சில ஆகியவை காரணங்களாக அறியப்பட்டவை. பல குழந்தைகளுக்கு ஒரு தனிக் காரணத்தைச் சுட்டவே முடியாது. அந்தத் தாய் ஜன்னல் பக்கம் போனாள், கத்தியைத் தொட்டாள் என்று வருடக்கணக்கில் அவளைக் குத்திக்காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். உதட்டைப் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் அறுவை செய்து சேர்த்துவிட முடியும், அதற்கு நேரத்தோடு கூட்டிக்கொண்டு போங்கள்.

இவ்வளவு தெரிந்த பிறகு லேபிலேயே உறுப்பை வளர்க்கலாமே?

முழு உறுப்பு இன்னும் இல்லை. ரத்தக்குழாய், அளவு, முதிர்ச்சி மூன்றுமே பிரச்சினை. ஆனால் கடுகளவு மாதிரிகளை வளர்க்கிறார்கள். 2006-இல் ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகா நான்கே இயக்கி மரபணுக்களால் எலிச் செல்லைக் கரு நிலைக்குத் திருப்பினார். மறு வருடம் மனிதத் தோல் செல்லிலும் அது நடந்தது. அப்படித் திருப்பிய செல்களுக்குக் கரு எந்த வரிசையில் செய்தி தருமோ அதே வரிசையில் கொடுக்க வேண்டும்.

2011-இல் முதலில் ஆக்டிவின் என்ற செய்திப் புரதம், அடுத்து எஃப்.ஜி.எஃப்.4-உம் விண்டும் என்று கொடுத்தார்கள். சில வாரங்களில் தட்டில் மனிதச் சிறுகுடல் திசு சின்ன உருண்டையாக வளர்ந்தது, உள்ளே குடலுறிஞ்சிகள் போன்ற மடிப்புகளோடு. மூன்று வருடம் கழித்து அதே எஃப்.ஜி.எஃப்.4-ஐயும் விண்டையும் கொடுத்து, கூடவே பி.எம்.பி.யை மறித்து, சரியான நேரத்தில் வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலமும் சேர்த்தார்கள். இந்த முறை தட்டில் வளர்ந்தது இரைப்பைத் திசு.